கரி தின்னும் பாய்லர்

சீனிவாசராகவன் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். பார்த்த பிறகும் உட்கார்ந்தார் என்றால் வந்த விஷயம் பெரிது என்று அர்த்தம்.

எங்கள் ஆபீஸ் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு தையல்கடையின் மாடியில் இருந்தது. வாசலில் 'சாலமன், துப்பறிவாளர்' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே என் பெயரையும் எழுதுவதாக சாலமன் சார் 1960-ல் வாக்குக் கொடுத்தார். இப்போது 1963 பிப்ரவரி. பெயிண்டர் வந்துகொண்டே இருக்கிறார். என் பெயர் செண்பகம். டைப் அடிப்பது, அவர் கேட்க மறந்ததைக் கேட்பது, கேட்கக்கூடாததையும் கேட்பது என் உத்தியோகம்.

சாலமன் சார் கோலார் தங்க வயலில் பதினாலு வருஷம் சுரங்க வாசலில் காவல் அதிகாரியாக இருந்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து, களி இருந்த இடத்தில் தங்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். பதினாலு வருஷமும் பெரும்பாலும் காலி டப்பாவைத்தான் பார்த்தார். அதனால் அவருக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கையும் மேலதிகாரிகள்மேல் சந்தேகமும் வந்துவிட்டன. துப்பறிகிறவனுக்கு இரண்டும் தேவை.

"கரி திருட்டு," என்றார் சீனிவாசராகவன். பத்மவிலாஸ் கேனிங் கம்பெனியின் முதலாளி அவர்தான். வேகவைத்த பட்டாணியை டின்னில் அடைத்து விற்கிறவர். பிரேசர் டவுனில் ஒரு ஃபேக்டரி, குடியாத்தத்தில் ஒரு ஃபேக்டரி. "தேசிகன், விரியுங்கோ."

கூட வந்தவர் தேசிகன். அந்தக் கம்பெனியின் 'சிக்கன அதிகாரி'. அப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் சுருட்டி வைத்திருந்த நீளமான தாளை எங்கள் மேஜைமேல் விரித்தார். பத்து வருஷத்து வரைபடம். ஆயிரம் டின் பட்டாணிக்கு எத்தனை கிலோ நிலக்கரி செலவானது என்று வருஷவாரியாகக் கோடு. நீலக் கோடு பெங்களூர், சிவப்புக் கோடு குடியாத்தம்.

நீலக் கோடு 1953-லிருந்து முந்நூற்றுப் பத்திலேயே படுத்துக் கிடந்தது. சிவப்புக் கோடு இருநூற்றுத் தொண்ணூற்றைந்தில் அதற்குத் துணையாக 1960 வரை வந்தது. 1961-ல் மாடியிலிருந்து கால் தவறியவன் மாதிரி விழுந்தது. விழுந்த இடம் நூற்று முப்பது.

"அதே பட்டாணி, அதே டின், ஒரே மாதிரி பாய்லர்," என்றார் முதலாளி. "அங்கே நூத்தி முப்பது, இங்கே முந்நூத்திப் பத்து. மீதி நூத்தி எண்பது கிலோ எங்கே போறது? பாய்லர்மேன் சின்னப்பாங்கறவன்தான் எடுத்துண்டு போறான். போன வாரமே அவனை நிறுத்தி வெச்சுட்டேன். எப்படி எடுத்துண்டு போறான்னு நீர் கண்டுபிடிச்சுச் சொன்னா போலீஸ்ல ஒப்படைச்சுடுவேன்."

"கண்டுபிடிக்க முடியலைன்னா?"

"மாசக் கடைசியோட இந்த ஃபேக்டரியை மூடிடறதுன்னு முடிவு. எல்லாத்தையும் குடியாத்தத்துலயே பண்ணிக்கலாம்."

"இங்க எத்தனை பேரு வேலை செய்யறாங்க?" என்று நான் கேட்டேன்.

"எழுபத்திரண்டு பேர். முக்கால்வாசி பொம்மனாட்டிகள். பட்டாணி உரிக்கறவா." உரித்துப்போட்ட தோலைப் பற்றிச் சொல்கிற தொனியில் சொன்னார். பிறகு குரல் மாறியது. "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்டோன்மென்ட் கூட்ஸ் ஷெட்டிலேர்ந்து பன்னிரண்டாயிரம் டின் எல்லையில இருக்கற ஜவான்களுக்குப் போறது. எல்லாம் குடியாத்தம் சரக்கு. தேசத்துக்கு நம்மாலானது."

தேசம் அதை இனாமாக வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் வரைபடத்தின் பக்கம் குனிந்தேன். "சார், பழைய வருஷமெல்லாம் ராத்தல், புது வருஷமெல்லாம் கிலோ. இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு ராத்தலைக் கிலோவாக்கினா ஏறக்குறைய நூத்தி முப்பதுதான் வருது. குடியாத்தத்துல கரி குறையல, தராசுதான் மாறியிருக்கு."

எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கேஸ் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தேசிகன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "அம்மா, நான் கணிதத்துல முதல் வகுப்பு. எல்லாத்தையும் கிலோவா மாத்திட்டுத்தான் கோடே போட்டேன்." பையிலிருந்து ரயில்வே ரசீதுக் கட்டை எடுத்து வைத்தார். "1960-ல குடியாத்தத்துக்கு இறங்கின கரி பதினோரு வேகன். 1961-லேர்ந்து வருஷத்துக்கு அஞ்சு. வேகனுக்கு ராத்தலும் தெரியாது, கிலோவும் தெரியாது."

நன்றாகத்தான் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"குடியாத்தம் வெயில் ஊர்," என்று தேசிகன் தொடர்ந்தார். "குழாயில வர்ற தண்ணியே பாதி கொதிச்சுத்தான் வரும். பெங்களூர்ல பச்சைத் தண்ணி. இது ஒரு காரணம்."

 சாலமன் சார் சிவப்புக் கோட்டின் ஆரம்பத்தில் விரலை வைத்தார். "1960-ல குடியாத்தத்துல வெயில் அடிக்கலியா?"

தேசிகன் விரலைப் பார்த்தார்.

"ஊருக்கு ஊர் வித்தியாசம்னா மொதல்லேர்ந்தே இருக்கும். இதோ, பதினஞ்சு கிலோ. இதுதான் உங்க வெயில். நடுவுல ஒரே வருஷத்துல கீழ விழுந்துச்சுன்னா அது ஊரு இல்ல, ஆளு. 1961-ல யாரு வந்தாங்க?"

"மாப்பிள்ளை ஜெயராமன் குடியாத்தத்துக்கு மேனேஜரா வந்தார்," என்றார் முதலாளி பெருமையாக. "வந்த மாசமே புது முறை. கரி பாதியாயிடுத்து."

"என்ன முறை?"

"தொழில் ரகசியம்," என்றார் தேசிகன். "ஆனா ரெண்டு ஃபேக்டரிக்கும் ஒரே உத்தரவுதான். இங்கேயும் புது முறைப்படிதான் நடக்கறதுன்னு சின்னப்பாவே தினமும் ரிஜிஸ்தர்ல எழுதிருக்கான். அப்படி இருந்தும் கரி குறையலைன்னா என்ன அர்த்தம்?"

அர்த்தம் பார்க்க நாங்கள் பிரேசர் டவுனுக்குப் புறப்பட்டோம்.

ஃபேக்டரிக்கு ஒரே ஒரு வாசல். அதில் ஒரே ஒரு காவல்காரர். பெயர் கோவிந்தப்பா. கன்னடத்தைத் தமிழில் பேசுகிறவர். மாதம் நாற்பதாயிரம் டின் என்று அவரிடமிருந்து தெரிந்துகொண்டு, ஒரு சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டேன்.

"சார், மாசத்துக்கு ஏழாயிரத்து இருநூறு கிலோ. இருபத்தஞ்சு வேலை நாள்னா ஒரு நாளைக்கு இருநூத்தி எண்பத்தெட்டு. டிபன் பாக்ஸுக்கு ஒரு கிலோன்னு வெச்சாக்கூட, எழுபத்திரண்டு பேரும் தினம் நாலு டிபன் பாக்ஸ் கொண்டுவரணும். அவ்வளவு சாப்பிடறவங்க பட்டாணி உரிக்க வரமாட்டாங்க."

"வண்டி?"

கோவிந்தப்பா தலையை ஆட்டினார். "கரி வண்டி உள்ளே வரும் ஸ்வாமி. காலியா வெளியே போகும். நானே ஏறிப் பாக்கறேன். பூதிதான் வெளியே போறது. சாம்பல், சாம்பல். செங்கல் சூளைக்காரன் வந்து எடுத்துகினு போவான்."

"வாரத்துக்கு எத்தனை வண்டி சாம்பல்?"

"ரெண்டு."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் ரெண்டேதான். நான் வந்த நாளா ரெண்டு."

சாலமன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினாலு வருஷம் டப்பாவைத் திறந்தவரின் முகத்தில் முதல் முறையாக எதையோ கண்டெடுத்த களை. "திருடிக்கினு போன கரிக்கு சாம்பல் வராது செண்பகம். அந்தக் கரி மொத்தமும் இங்கயேதான் எரிஞ்சிருக்கு."

"அப்போ சின்னப்பா திருடல."

"திருடல. ஆனா பொய் சொல்லியிருக்கான்."

பாய்லர் அறையில் ரிஜிஸ்தர் இருந்தது. 1961 ஏப்ரலிலிருந்து ஒரு நாள் விடாமல் 'புது முறைப்படி' என்று முத்து முத்தான கையெழுத்து. கரியைப் பாதியாக்கும் முறையைப் பின்பற்றுவதாகத் தினமும் எழுதிவிட்டு முழுக் கரியையும் எரித்திருக்கிறான் ஒருவன். நான் பார்த்த திருடர்கள் எல்லோரும் உழைப்பை மிச்சம் பிடிக்கிறவர்கள். கூடுதலாகக் கரி வாரிப்போட்டு வேர்த்து வழியும் திருடனை நான் கேள்விப்பட்டதில்லை.

சின்னப்பாவின் வீடு ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். புருவத்தில் பாதி பாய்லர் நெருப்பில் போயிருந்தது. சாலமன் சாரைப் பார்த்ததும் மீதிப் புருவம் உயர்ந்தது.

"தெரியுது, தெரியுது," என்றான். "கோலார்ல, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல ஷாஃப்ட் வாசல்ல நின்னுகினு இருப்பீங்க. என் டிபன் பாக்ஸை ஒம்போது வருஷம் தொறந்து பாத்தீங்க. இன்னா கெடச்சுது?"

"களி ஒட்டிக்கினு இருந்துச்சு."

"இப்பவும் அதான் கெடைக்கும். போங்க."

சாலமன் சார் போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். "நீ திருடலைன்னு தெரியும். சாம்பல் சொல்லிடுச்சு."

சின்னப்பா எதிர்பார்க்கவில்லை.  "எரிச்சேன்," என்றான் கடைசியில். "ஒரு கூடை வெளிய போவல. எல்லாத்தியும் எரிச்சேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

"ஏன் எரிச்சே?"

"பாய்லர்ல கரியை எரிக்காம பூஜையா பண்ணுவாங்க?"

"ரிஜிஸ்தர்ல புது முறைன்னு எழுதியிருக்கியே."

 உள்ளேயிருந்து அவன் மனைவி காந்தா வந்தாள். கையில் எங்களுக்கு டீ. குரலில் இரண்டு வருஷத்துக் கோபம். "சொல்லித் தொலையேன்யா. வேலை போச்சு, மானம் போச்சு, இன்னும் இன்னாத்த காப்பாத்தப் போற? அரைவேக்காடா எறக்கறதுக்கு எனக்குக் கை வராதுன்னு..."

"காந்தா. உள்ள போ."

அவள் போனாள். டீயை வைத்துவிட்டுத்தான் போனாள்.

"வாயைத் தொறந்தா திருட்டு கேஸு போயி வேற கேஸு வரும்," என்றான் சின்னப்பா தரையைப் பார்த்துக்கொண்டு. "ஃபேக்டரியைத் தொறந்து வெப்பாங்கன்னு பாத்தேன். நான் ஒருத்தன் போனாலும் மத்தவங்களுக்கு வேலை இருக்கட்டும்னு."

"மூடப்போறாங்க. மாசக் கடைசியில."

அவன் முகம் போன போக்கை நான் பார்க்காமல் டீயைப் பார்த்தேன்.

சாலமன் சார் எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னெண்டாயிரம் டின்னு ராணுவத்துக்குப் போவுது. குடியாத்தம் டின்னு. ஒன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

சந்து முனையில் நான் திரும்பிப் பார்த்தபோது சின்னப்பா அதே இடத்தில் நின்றிருந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடித்து சிவாஜிநகர் போனோம். "பெங்களூர் ஏன் அதிகம் எரிக்குதுன்னு எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க," என்றார் சாலமன் சார் பஸ்ஸில். "குடியாத்தம் ஏன் கம்மியா எரிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. செலவு பண்றவனைத்தான் நாம சந்தேகப்படறோம். மிச்சம் பிடிக்கிறவனுக்கு மாலை போடறோம்."

"உங்களை நான் எப்பவும் சந்தேகப்பட்டதில்ல சார். நீங்க செலவே பண்ணமாட்டீங்க."

மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஃபாத்திமா பீபியின் மளிகைக் கடை. டின் சாமான்களைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தாள். நான் பத்மவிலாஸ் பட்டாணி ஒன்று கேட்டுக்கொண்டே மேலிருந்த டின்னை எடுக்கப் போனேன்.

"அரே, அதை எடுக்காதீங்க அம்மா. கீழே வேற தரேன்." குனிந்து அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். அடியில் இருந்த டின்களில் எல்லாம் 'B' என்று முத்திரை. உச்சியில் தனியாக இருந்த நாலைந்தில் 'G'.

"ஏன், மேல இருக்கறதுல இன்னா கொறை?"

"அது அடுக்கினா நிக்காது. பி போட்ட டின்னு மேல நீங்களே ஏறி நிக்கலாம். ஜி போட்டதுல சிலது வந்து பதினஞ்சு நாள்ல மூடி உப்பிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஆடும், உருண்டுடும். அதான் உச்சியில மட்டும் வெக்கறேன், அழகுக்கு." குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரர், பாவம், வீணாப் போகக்கூடாதுன்னு ஒண்ணைத் தொறந்து தின்னாரு. மூணு நாள் ஆஸ்பத்திரி. சிக்கனம்."

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலியா?" என்றார் சாலமன் சார்.

"அனுப்பறேனே சாப். பத்துக்கு ஒண்ணு திரும்பும். பேசாம வேற டின்னு குடுத்துடுவாங்க. சீட்டுல 'வண்டியில அடிபட்டது'ன்னு எழுதுவாங்க. உள்ளேயிருந்து அடிபட்ட டின்னை நான் இங்கதான் பாத்தேன்."

பி ஒன்று, உப்பிய ஜி ஒன்று வாங்கிக்கொண்டோம். ஜி-யை விற்க அவளுக்கு மனமே இல்லை. சாப்பிடமாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள்.

பகல் இரண்டு மணிக்கு பிரேசர் டவுன் ஆபீஸ் அறையில் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தோம். சாலமன் சார் இரண்டு டின்களையும் மேஜைமேல் வைத்தார். பி உட்கார்ந்தது. ஜி மெல்ல ஆடியது.

"மேஜை சமமா இல்லை," என்றார் சீனிவாசராகவன்.

சாலமன் சார் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். மேஜை இப்போது அந்தப் பக்கம் சமமாக இல்லாமல் போயிருந்தது.

"உங்க கரி எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். "இந்த பி டின்னுக்குள்ள, பெங்களூர் டின்னுக்குள்ள இருக்கு. சின்னப்பா திருடல. முழுக் கரியையும் எரிச்சு முழுசா வேகவெச்சிருக்கான். குடியாத்தத்துலதான் காணாமப் போயிருக்கு, அதுவும் கரி இல்ல, நேரம். மூடின டின்னை, உள்ள இருக்கற கிருமி சாக, ஸ்டீம் பெட்டியில எவ்வளவு நேரம் வெக்கணும்?"

முதலாளி தேசிகனைப் பார்த்தார். தேசிகன் ஜன்னலைப் பார்த்தார்.

சாலமன் சார் ஜி டின்னில் துளை போட்டார். உஸ் என்று ஒரு சத்தம். பிறகு நாற்றம். ரசல் மார்க்கெட்டின் பின்பக்கம் மே மாதத்தில்கூட அப்படி நாறியதில்லை. சீனிவாசராகவன் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"கொஞ்சம் ருசி பாக்கறீங்களா?" என்று நான் மரியாதையாகக் கேட்டேன். "தேசத்துக்கு நம்மாலானது."

"ஜெயராமன்," என்றார் முதலாளி கைக்குட்டைக்குள்ளிருந்து. "மாப்பிள்ளைன்னு நம்பி விட்டேன். எனக்குத் தெரியாம இப்படி ஒரு காரியம் பண்ணிருக்கானே."

அவர் குரல் தழுதழுத்தது. நானும் நம்பிவிட்டேன். மருமகனைத் தந்தி அடித்து வரவழைப்பது வரை பேச்சுப் போனது. அப்போதுதான் கதவு திறந்தது.

சின்னப்பா நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான். வேலையைவிட்டு நிரந்தரமாகப் போவதற்குத் தயாராக வந்தவன் மாதிரி இருந்தது. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, என்னிடம் நீட்டினான்.

"நீங்க படிங்கம்மா. எனக்கு இங்கிலீஷ் வராது. சர்ச்சு வாத்தியார்கிட்ட குடுத்து ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே படிச்சுத் தெரிஞ்சுக்கினேன்."

1961 மார்ச் 28 தேதியிட்ட சுற்றறிக்கை. இரண்டு ஃபேக்டரிக்கும் பொது. ஸ்டீம் பெட்டியில் டின்களை வைக்கும் நேரம் இனிமேல் எழுபத்தைந்து நிமிஷம் அல்ல, முப்பது நிமிஷம். எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு இந்தப் புது முறை. மீறுகிறவர்கள் உடனே வேலைநீக்கம். நான் தமிழாக்கிக்கொண்டே சத்தமாகப் படித்தேன். கடைசி வரிக்குக் கீழே வந்ததும் நிறுத்தினேன்.

"கையெழுத்து யாருது?" என்றார் சாலமன் சார், தெரியாதவர்போல.

"சீனிவாசராகவன்."

அறையில் நாற்றம் மட்டும் இருந்தது. முதலாளி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தை யாரோ திருடிவிட்டது போலப் பார்த்தார். "இது... தேசிகன் டைப் பண்ணிண்டு வந்தது. தினம் நாப்பது காகிதத்துல கையெழுத்துப் போடறேன். எல்லாத்தையும் படிச்சுண்டிருக்க முடியுமா?"

"எனக்கு முடிஞ்சுது சாமி," என்றான் சின்னப்பா. "ஒரே ஒரு காகிதம்தான் வந்துச்சு."

இரண்டு வருஷமாக அவன் செய்தது இதுதான். அரை மணியில் இறக்கு என்று உத்தரவு. முதல் நாள் அப்படியே இறக்கினான். பத்து டின்னைத் தனியே எடுத்து பாய்லர் பக்கத்துச் சூட்டில் ஒரு வாரம் வைத்தான். ஏழு டின் உப்பியது. மறுநாளிலிருந்து பழையபடி ஒண்ணேகால் மணி நேரம் வைத்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கரிக் கணக்கு இடிக்கும். ரிஜிஸ்தரில் முதலாளிக்குப் பிடித்ததை எழுதினான், பெட்டியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர் அந்தக் கரியை வைத்து அவனைத் திருடன் என்று நிரூபித்தார்.

தேசிகன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "திரும்பி வந்த டின்களையும் நான் கணக்குல பார்த்திருக்கேன். பத்து சதவீதத்துக்கு மேல போகலை. கரியில மிச்சமானதோட ஒப்பிட்டா அது ஏற்கத்தக்க சேதம்."

"மணி ரெண்டரை," என்றார் சாலமன் சார். "டெலிபோன் உங்க பக்கத்துலதான் இருக்கு."

சீனிவாசராகவன் டெலிபோனைப் பார்த்தார். எடுக்கவில்லை. "இத்தனை தூரம் வந்தாச்சு. இந்த ஒரு தடவை போகட்டுமே. அடுத்த சரக்குலேர்ந்து எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். பத்துல ஒண்ணுதானே?"

சின்னப்பா ஒரு அடி முன்னால் வந்தான். அவன் குரல் உயரவில்லை.

"பன்னெண்டாயிரத்துல ஆயிரத்து எரநூறு சாமி. ஒரு டின்னுக்கு ஒரு ஆளுன்னாலும் ஆயிரத்து எரநூறு பேரு. பனியில ஒக்காந்துகினு தொறப்பான். கடைக்காரங்க மாதிரி திருப்பி அனுப்பமுடியாது அவனால."

நான் டெலிபோனை எடுத்து முதலாளியின் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். சாலமன் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.  மூன்று நிமிஷம் கழித்து சீனிவாசராகவன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு நம்பரைச் சுழற்றினார். அந்த மனிதரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்வதற்கு அந்த ஒரு காரியம்தான் உண்டு. அதையும் சொல்லிவிட்டேன்.

மூன்றரைக்கு ராணுவத்தின் சப்ளை டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தார். வேகனிலிருந்து கைக்கு வந்தபடி நூறு டின்னை இறக்கச் சொன்னார். பதினாலு உப்பியிருந்தன. மிச்சத்தை எண்ணவே இல்லை. மொத்தமாகக் குழி தோண்டிப் புதைக்க உத்தரவு போட்டார். பதினைந்து நாளில் பெங்களூர் முத்திரையோடு பன்னிரண்டாயிரம் டின் வந்தால் ஒப்பந்தம் நிற்கும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

குடியாத்தம் ஃபேக்டரி 'பழுதுபார்ப்புக்காக' மூடப்பட்டது. மாப்பிள்ளை ஜெயராமன் 'உடல்நிலை காரணமாக' ஓய்வு எடுக்கப் போனார். அந்த டின்னைச் சாப்பிட்டு உடல்நிலை கெட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். தேசிகன் மட்டும் போகவில்லை. பத்து வருஷத்து வரைபடம் போடத் தெரிந்தவரை எந்தக் கம்பெனியும் அனுப்பாது.

திங்கட்கிழமை காலையில் எங்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். எழுபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். பெண்கள் கூடையோடு முற்றத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சீனிவாசராகவன் சாலமன் சாரைத் தனியே அழைத்தார்.

"சின்னப்பாவைத் திரும்ப எடுத்துண்டாச்சு. ஆனா ஒண்ணு. உத்தரவை மீறினதுக்கும் ரிஜிஸ்தர்ல பொய் எழுதினதுக்கும் முறைப்படி ஒரு மெமோ கொடுக்கணுமில்லையா? கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கே."

"கண்டிப்பா குடுங்க," என்றார் சாலமன் சார். "எந்த உத்தரவை மீறினான்னு அதுல வெவரமா எழுதுங்க. செண்பகம் டைப் அடிப்பா. ஒரு நகல் டிப்போ அதிகாரிக்கும் அனுப்பிடலாம்."

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். முதலாளிக்குத் திடீரென்று பாய்லரைப் பார்க்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

பாய்லர் அறையில் சின்னப்பா ஒரு வாரத்துக்குப் பிறகு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தான். யார் வந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கரியை அளந்து போடாமல், கைக்குத் தெரிந்த அளவில் வாரி வாரிப் போட்டான். சீனிவாசராகவன் அவனுக்குப் பின்னால் போய் நின்று, ஏதோ சொல்லவேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் மூடிக்கொண்டார். பதினோரு வருஷமாக அவர் சொந்தமாக வைத்திருந்த அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறார் என்று அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

சின்னப்பா கரி வாரும் கரண்டியை நிமிர்த்தி, நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி," என்றான். "கதவைத் தொறக்கப் போறேன்."

முதலாளி தள்ளி நின்றார்.